பரிசோதனைக்குப் பயந்து மாலை போட்ட கதை

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தையில்லை. "ஊருக்கெல்லாம் காப்பி எடுத்துத் தர்ற, உனக்கு ஒண்ணு எடுத்துக்கத் தெரியலயேப்பா" என்பார் கடை வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் நான்தான். சிரித்து முடித்ததும், பேப்பர் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல மெஷினுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் குனிந்து கிடப்பேன்.

அந்த ஆறு வருஷமும் பரிசோதனையெல்லாம் என் மனைவிக்குத்தான். ரத்தம் கொடுத்தாள். ஸ்கேன் எடுத்தாள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று ஆட்டோவில் உட்கார முடியாமல் வந்தாள். எல்லாமே சரியாக இருந்தது. டாக்டரம்மா பேனாவை என் பக்கம் திருப்பினார்.

"இவங்க எல்லாம் பண்ணிட்டாங்க. நீங்க?"

"எனக்கென்ன மேடம், பௌர்ணமி தவறாம மலை சுத்தறேன்."

"அது காலுக்கு நல்லது. நீங்க விந்தணு டெஸ்ட் எடுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டுலேர்ந்து அஞ்சு நாள் விலகி இருக்கணும், அவ்ளோதான்."

குறை என்னிடம் என்று வந்துவிட்டால்? அப்போதுதான் மலை சுற்றும் என் மூளை வேலை செய்தது. அஞ்சு நாள் விலகியிருப்பது நல்லதென்றால், நாற்பத்தெட்டு நாள் எவ்வளவு நல்லது! மறுநாளே காவி வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், தரையில் பாய். பயத்தைத் தள்ளிப்போட இந்த ஊரில் இதைவிடக் கௌரவமான வழி கிடையாது. கடைக்கு வந்தவர்களெல்லாம் "சாமி, ரெண்டு காப்பி" என்றார்கள். மனைவி மட்டும் அசரவில்லை. "டெஸ்ட்டுக்குப் பயந்து சாமியாரான ஒரே ஆளு நீங்கதான்" என்றாள்.

மண்டலம் முடிந்தது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுடன் ஆஸ்பத்திரியின் சின்ன அறைக்குள் போனேன். கதவுக்கு வெளியே யாரோ போனில் நெல் மூட்டை லாரியில் ஏறிவிட்டதா என்று கத்திக்கொண்டிருந்தார். எந்த ஆண்மகனுக்கும் அப்படியொரு பின்னணி வரக்கூடாது.

ரிப்போர்ட்டில் எண்ணிக்கை கம்மி, ஓட்டம் அதைவிடக் கம்மி.

"எத்தன நாள் விலகி இருந்தீங்க?"

"நாப்பத்தெட்டு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரொம்ப நாள் தேங்கினா இருக்கறதும் சோர்ந்துடும். மூணு நாள் விட்டு மறுபடி குடுங்க."

மறுபடி கொடுத்தேன். ஓட்டம் தேறியிருந்தது. எண்ணிக்கை கம்மிதான். விரதத்தின் மேல் பழிபோட இனி வழியில்லை.

விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. நான் மெல்லும் புகையிலையை விடச் சொன்னார். பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். கருமுட்டை வெளிவரும் நாளில், நல்ல அணுக்களைப் பிரித்தெடுத்துக் கருப்பைக்குள் செலுத்துவது ஐயூஐ. அது கைகூடாவிட்டால், முட்டையை வெளியே எடுத்து, ஒரு முட்டைக்குள் ஓர் அணுவைச் செலுத்தி, கருவாக்கி உள்ளே வைப்பது அடுத்தது. "எதுவும் நூத்துக்கு நூறு கிடையாது. அப்படி யாராவது சொன்னா அங்க போவாதீங்க" என்றார். ஆறு வருஷத்தில் எனக்குப் புரிகிறமாதிரி ஒருவர் பேசியது அன்றுதான். நான் காது கொடுத்துக் கேட்டதும் அன்றுதான்.

அடுத்த மாதம் என் தங்கைக்கு வளைகாப்பு. என் மனைவி தட்டிலிருந்து வளையலை எடுத்தபோது என் அத்தை அவள் கையைப் பிடித்தாள். "நீ அப்புறமா போடலாம்மா. மொதல்ல புள்ள பெத்தவங்க போடட்டும்."

மனைவி வளையலைத் திரும்ப வைத்தாள். எத்தனையோ வளைகாப்பில் இப்படி வைத்திருக்கிறாள்; நானும் ஒவ்வொரு முறையும் பந்தியைக் கவனிக்கப் போயிருக்கிறேன். அன்றும் கையில் புளிசாத வாளி இருந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அத்த, கொற அவகிட்ட இல்ல. எனக்குத்தான் கம்மி. ரெண்டு வாட்டி டெஸ்ட் எடுத்தாச்சு."

மாமா ஒருவர் இருமினார்.

"ஆம்பள பேசற பேச்சாடா இது?" என்றாள் அத்தை.

"ஆம்பளைக்கு எடுக்கற டெஸ்ட்டு அத்த. ஆம்பளதான் பேசணும். இன்னமும் யாருக்காவது சந்தேகம் இருந்தா என்னக் கேளுங்க, அவளக் கேக்காதீங்க."

தங்கை கையை நீட்டினாள். "அண்ணி, நீங்க போடுங்க. எவ்ளோ நேரம் நீட்டிக்கினு இருக்கறது?"

ஆளுக்கு ரெண்டு வளையல் போடுவதுதான் வழக்கம். என் மனைவி ஒரு டஜன் போட்டாள். நிதானமாக, ஒவ்வொன்றாக.

முதல் ஐயூஐ கைகூடவில்லை. அன்று இருவரும் அழுதோம். இரண்டாவது அடுத்த வாரம். அது எப்படிப் போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் இப்போது பெயரைக் கூப்பிட்டால் முதலில் எழுந்து நிற்பவன் நான்.