பெரியக்கா போனதும் படுத்துக்கொண்ட பெட்டி

பெரியக்காவின் பெட்டி அவர் எதிரில் இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்தது. அவர் தலை மறைந்ததும் படுத்துக்கொண்டது.

பெரியக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அந்தச் சிறிய கம்பெனியில் தலை நரைத்த ஒரே ஆள் அவர்தான். கணினியின் பாகங்களை மென்பொருளோடு பேசவைக்கும் டிரைவர் நிரல்களை எழுதுவது அவர் தொழில். அது என்ன வேலை என்று கணவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "கண்ணுக்குத் தெரியாத எதையோ ரிப்பேர் பண்றா" என்று சமாளித்துவிடுவார். பெரியக்காவும் மறுப்பதில்லை. பாதி உண்மைதானே.

கம்பெனி புதிதாகச் செய்தது பல் மருத்துவமனைகளுக்கான பெட்டி. எக்ஸ்ரே படங்களை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த அறைக் கணினி கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். பின்பக்கம் கேபிள் செருக ஐந்து துளைகள். ஐந்திலும் வருவதைப் பிரித்து அனுப்ப உள்ளே மலிவான ஒரு ஸ்விட்ச் சிப். அதற்கு டிரைவர் கிடைக்கவில்லை. "சின்ன சிப்புதானே, நானே எழுதிடறேன்" என்று பெரியக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஒற்றைக் கேபிளுக்கென்று ஏற்கெனவே இருந்த டிரைவரை எடுத்து, வெட்டி ஒட்டி, ஐந்துக்கும் பொருந்தும்படி செய்ய ஆறு மாதம் பிடித்தது.

"எங்கேயாவது ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க" என்றார் முதலாளி. "ஓடினா உங்க டிரைவர்தான். இல்லேன்னா வெளியில ரெடிமேட் போர்டு வாங்கிடலாம். நீங்க எழுதினதை ஓரமா வெச்சிடலாம்."

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. ஆறு மாத உழைப்பு ஓரமாகப் போவதா? நல்லவேளை, தங்கை பல் மருத்துவராக இருந்தாள்.

தங்கையின் மருத்துவமனையில் பெட்டியைத் தானே போய் மாட்டினார். முதல் துளையைத் தன் மடிக்கணினிக்கு என்று பிடித்து வைத்துக்கொண்டார். அது அவர் கைப்பழக்கம். மிச்ச நான்கில் வரவேற்பறை, இரண்டு சிகிச்சை அறைகள், எக்ஸ்ரே கருவி ஆகியவற்றின் கேபிள்களைச் செருகினார். படம் பளிச்சென்று வந்தது. மடிக்கணினியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பேருந்துகூட ஏறியிருக்க மாட்டார், போன் வந்துவிட்டது.

"அக்கா, படம் வரல."

"விளக்கு எரியுதா?"

"மினுமினுன்னு நல்லாவே எரியுது. படம்தான் வரல."

திரும்பி ஓடினார். என்ன கோளாறு என்று பார்க்க மடிக்கணினியைச் செருகினார். படம் வந்தது. தங்கை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உன்னைக் கண்டா பயப்படுது போல."

மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே. பெரியக்கா போனதும் தங்கை முன்பு வைத்திருந்த பழைய பெட்டியை மாட்டிச் சமாளிப்பாள், பெரியக்கா வந்து மாற்றுவார். அலுவலக மேசையில் அதே மாதிரிப் பெட்டி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பறைப் பெண், பெரியக்காவின் போட்டோவைப் பெட்டிமேல் ஒட்டிவிடலாமா என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டதுதான் பெரியக்காவுக்கு எரிச்சல்.

"அக்கா, இந்த வாரத்தோட சரி" என்றாள் தங்கை. "ஆளுங்க வாயைத் திறந்துகிட்டு காத்திருக்காங்க. உன் முதலாளி கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்தக் கவலையில் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்த்ததாலோ என்னவோ, பெரியக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தங்கையிடம் ஓடினார். மடிக்கணினி அலுவலகத்திலேயே கிடந்தது.

"மத்தவங்களுக்குப் பழைய பெட்டி. உனக்கு உன் பெட்டிதான்" என்று தங்கை வீம்புக்கு அதை மாட்டினாள். ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, எக்ஸ்ரே எடுத்தாள். திரை வெறுமையாக இருந்தது.

நாற்காலியில் சாய்ந்து கிடந்த பெரியக்காவுக்கு எதிர் அலமாரியில் பெட்டியின் முதுகு தெரிந்தது. நான்கு விளக்குகள் மின்னின. முதல் துளை மட்டும் இருட்டு. மடிக்கணினியைச் செருகாமல் அந்தப் பெட்டியை அவர் உற்றுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அடிப்பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஒற்றைக் கேபிள் டிரைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேபிள் மாட்டியிருக்கிறதா என்று முதலில் விசாரிக்கும், இல்லையென்றால் கடையைச் சாத்திவிடும். ஐந்து துளை வந்த பிறகும் அது முதல் துளையை மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தது. மற்ற நான்கு கேபிள்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, பெட்டியின் மூளை மட்டும் யாருமே இல்லை என்று ஒதுங்கிவிட்டது.

"ம்ம்... வ்வா..." என்றார் பெரியக்கா.

"வலிக்குதா?"

தலையை ஆட்டினார், கையை ஆட்டினார். தங்கைக்குப் புரியவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து போய், வரவேற்பறைக் கேபிளைப் பிடுங்கி முதல் துளையில் செருகினார். திரையில் படம் வந்து நின்றது. பெரியக்கா பெட்டியைப் பார்த்துப் பூரித்தார். தங்கை பல்லைப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஓட்டையை வெச்சுகிட்டு எப்படி இருந்தே?" என்றாள்.

திருத்தம் சில வரிகள்தான். மூளைக்கும் சிப்புக்கும் நடுவிலுள்ள வழி போர்டிலேயே பற்றவைத்தது. அதை யாராலும் கழற்ற முடியாது. அது எப்போதும் திறந்தே இருக்கிறது, முதல் துளையை விசாரிக்க வேண்டாம் என்று டிரைவருக்குச் சொல்லிவிட்டார். பிறகு ஒற்றைக் கேபிளை ஒவ்வொரு துளையாக மாற்றிச் செருகிப் பார்த்தார். எந்தத் துளையில் போட்டாலும் படம் வந்தது. முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி இன்னொரு வாரம் கேட்டு வாங்கினார்.

"சரி, மாட்டு" என்றாள் தங்கை. "ஆனா இந்த வாரம் நீ இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

அந்த வாரம் போன் வரவேயில்லை. அதுதான் பெரியக்காவை வாட்டியது. வெறுத்துப்போய்ப் பழைய பெட்டியையே மாட்டிக்கொண்டாளோ? இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்தார்.

வாரக் கடைசியில் முதலாளி அவர் மேசைக்கு வந்தார். முகத்தில் குழப்பம்.

"உங்க தங்கச்சிகிட்ட பேசினேன். பெட்டி எப்படி ஓடுதுன்னு கேட்டா, எந்தப் பெட்டின்னு கேக்கறாங்க. அப்புறம் எட்டிப் பார்த்துட்டு, ஓ அதுவா, அங்கேதான் ஓடிட்டிருக்கு, இருக்கறதே மறந்துபோச்சுன்னாங்க. இதை நல்லதுன்னு எடுத்துக்கறதா, கெட்டதுன்னா?"

ஆறு மாத உழைப்பைக் கூடப்பிறந்தவளே மறந்துவிட்டாள் என்று கேட்டு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று பெரியக்கா நினைத்ததே இல்லை.

"நல்லதுன்னே எடுத்துக்குங்க சார்" என்றார்.