சாவடிச் சுவரில் நான் போட்ட வட்டங்கள்

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தர ஆய்வுப் பிரிவில் வேலை. குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். பாகத்தில் கீறல் தெரிந்தால் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, எண் எழுதி, எண்வாரியாக ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அது ரீவொர்க்குக்குப் போய்ச் சரியாகித் திரும்பி வரும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஆனால் டிப்ளமோவில் படித்ததைவிட இந்தப் பழக்கம்தான் கையில் ஊறியிருந்தது.

எங்கள் ஊரில், கர்நாடகத்துக்குப் போகும் பழைய பாதையோரம், கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சாவடி ஒன்று இருந்தது. மாட்டுவண்டிக்காரர்கள் தங்கிப் போகக் கட்டியதாம். யார் கட்டியது என்று கேட்டால் தெலுங்குக்காரர் ஒரு கதை சொல்வார், கன்னடக்காரர் வேறொன்று சொல்வார். அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் காலையில் அங்கே உட்கார்ந்துதான் கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக் கட்டுவார்கள். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே தரை சில்லென்று இருக்கும். மார்க்கெட் வேன் வரும்வரை தழை வாடாது.

சாவடியை இடித்துவிட்டுச் சமுதாயக் கூடம் கட்டலாம் என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. கூடாது, பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்போம் என்றோம் நாங்கள் சிலர். மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எழுத உட்கார்ந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“நாங்க தெனமும் அங்க உக்காந்துதான் கட்டு கட்றோம், தழை வாடாம இருக்குதுன்னு மொதல்ல எழுது கண்ணு.”

“அதெல்லாம் எழுதக் கூடாதும்மா. ஆக்கிரமிப்புன்னு சொல்லிடுவாங்க.”

“நாங்க என்னத்தடா ஆக்கிரமிச்சோம்? வேன் வந்தா எந்திரிச்சிப் போயிடறோம்.”

சிரித்தேன். அவளுக்கு அரசாங்கத்து விஷயம் தெரியாது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கரை எடுத்துக்கொண்டு போனேன். விரிசல், காரை உதிர்ந்த இடம், அரசங்கன்று வேர்விட்ட மூலை என்று ஒன்றையும் விடவில்லை. பதினேழு வட்டம், பதினேழு எண், பதினேழு போட்டோ. சேதம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே சீக்கிரம் பழுது பார்ப்பார்கள்? கம்பெனியில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் சூப்பர்வைசர் பாராட்டுவார். மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிராம சபை சாவடிக்கு முன்னாலேயே நடந்தது. அம்மாவும் பெண்களும் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“பழசுங்கறதுக்காகக் காப்பாத்தணும்னா எங்க மாமியாரையும் அந்த லிஸ்ட்ல சேத்துக்குங்க” என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது.

“மாமியாரு கேட்டாங்கன்னா நாளைக்கி உனுக்குச் சோறு கெடையாது” என்றார் பஞ்சாயத்துத் தலைவர். பிறகு என்னைப் பார்த்து, “எனுக்கு ஒண்ணும் பிடிவாதம் இல்லப்பா. கூடத்தக் கோயில் பக்கத்துல கூடக் கட்டிக்கலாம். அதிகாரி என்னா சொல்றாருன்னு கேப்போம்” என்றார்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வேன் ஹாரன் அடித்தது. அம்மாவும் மற்றப் பெண்களும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சாவடியைப் பார்த்துச் சொல்ல அரசாங்கத்திலிருந்து வந்திருந்த என்ஜினியர் பையிலிருந்து எடுத்தது என் ரிப்போர்ட். ஒன்றிலிருந்து பதினேழு வரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“நான் ஒண்ணும் புதுசா சொல்லலைங்க. உங்க ஊருப் பையனே வட்டம் போட்டுக் காட்டியிருக்காரு. நாளைக்கு யார் தலையிலயாவது விழுந்தா யார் பதில் சொல்றது?”

எழுந்தேன். “ரீவொர்க் பண்ணச் சொல்லித்தான் எழுதினேன் சார். தெனமும் பொம்பளைங்க உக்காந்து வேலை செய்யற எடம் சார் இது.”

“தெனமும் ஆள் உக்கார்றாங்களா? மனுவுல இல்லையே. அப்ப இன்னும் ஆபத்துங்க.”

வட்டம் போட்ட பாகம் எல்லாமே ரீவொர்க்குக்குப் போவதில்லை; பாதி ஸ்கிராப் என்று கழித்துப் போடப்படும். தினம் பார்க்கிறவன்தான் நான். அம்மா சொன்னதை முதல் வரியாக எழுதியிருந்தால், சரிசெய்து தர வேண்டிய கட்டடம் என்று அவர் வாசிக்கத் தொடங்கியிருப்பாரோ என்னவோ. இடிப்பதற்குத் தீர்மானம் போட்டார்கள். நோட்டில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஜேசிபிக்கு ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. சமுதாயக் கூடம் இன்னும் வரவில்லை. அந்த இடத்திலேயே பெண்கள் நீலத் தார்ப்பாய் கட்டி உட்கார்கிறார்கள். பத்து மணிக்கே தழை துவண்டுவிடுகிறது. ஈரச்சாக்கு போட்டு மூடுகிறார்கள். வாடிய கட்டை வேன்காரர் தூக்கி ஓரம் போட்டுவிடுகிறார்.

போன வாரம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எம்புள்ள அவ்ளோ எழுதிக் குடுத்தும் கேக்காம இடிச்சிப் போட்டானுங்க.” அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஈரச்சாக்கை இழுத்துத் தழையை மூடினாள். என் ரிப்போர்ட்டை வைத்துத்தான் இடித்தார்கள் என்பதை ஊரில் யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கொரு கல் வைத்திருந்தார்கள். ஒரு கல்லில் மஞ்சள் வட்டத்தில் பாதியும் பதினொன்று என்ற எண்ணும் இருந்தன. மழையில் கூட அழியவில்லை.

“செவுத்துலயும் இப்பிடி இருந்துச்சே, அந்த நெம்பரு என்னாத்துக்குடா?” என்றாள் அம்மா.

“சும்மா, கல்லு எண்றதுக்கு யாரோ போட்டிருப்பாங்கம்மா.”

அவள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள்.