கேட்காரர் எழுதாத கடிதங்கள்

அரசு வானொலியின் கடிதப் பிரிவு இரண்டாவது மாடியில், கழிவறைக்கு அடுத்த அறை. அதில் ஒரு மேஜை, ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு கடுதாசி அக்கா. இயக்குநர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நேயர்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்து, ஞாயிறு காலை நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பாளரிடம் கொடுப்பது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை.

அவள் ஒரு சந்தேகப் பிராணி. அதை அவள் குறை என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டிடத்தில் சேருகிற எவருக்கும் ஆறு மாதத்தில் தொற்றிக்கொள்கிற வியாதி அது. ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தாலும் மைக் திறந்திருக்கலாம் என்று நினைத்துத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். லிஃப்டில் மழையைப் பற்றிப் பேசினால்கூட, காலைச் செய்தியில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அவள் பீரோ சாவியை வீட்டிலும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்குவாள்.

பீரோவுக்குள் நிஜமாகவே ஒரு ரகசியம் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடிதங்கள் குறைய ஆரம்பித்தன. வந்ததெல்லாம் குழாயில் தண்ணீர் வரவில்லை, மந்திரியிடம் சொல்லுங்கள் என்கிற ரகம். அதையெல்லாம் அரசு வானொலியில் வாசிக்க முடியுமா? பிரிவுத் தலைவர் ஒருநாள் வந்து ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

“பன்னெண்டு வேணும்மா. எப்படியாவது ரொப்பிடுங்க” என்றார். நாளைக்கு யாராவது கேட்டால் ஜன்னலிடம்தான் சொன்னேன் என்று அவர் சாதித்துவிடலாம்.

அவள் ரொப்பினாள். ஒரு கப்பல் சமையல்காரர், ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், ஒரு ரயில்வே கேட் காவலாளி என்று ஆட்களைப் படைத்தாள். முதலில் நோட்டில் அடித்துத் திருத்தி எழுதுவாள், பிறகு தாளில் பிரதி எடுத்துக் கொடுப்பாள். நோட்டு பீரோவுக்குள் போய்விடும். அதில் கேட்காரர் அவளுக்குச் செல்லம். தங்கை ஊருக்கு ரயிலில் போனபோது ஏரிக்கரையில், இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு கேட்டைப் பார்த்திருந்தாள். அங்கே அறுபதை நெருங்குகிற, வெள்ளை மீசை வைத்த ஒருவரை மனதுக்குள் குடிவைத்தாள். கடிதத்தின் கீழே ஏரிக்கரை கேட் என்றே போடுவாள். இரண்டு ரயில்களுக்கு நடுவே அவர் ரேடியோ கேட்பார். மூடிய கேட்டில் பொறுமையிழந்து நிற்கும் மனிதர்களைப் பார்த்து ஏதாவது சொல்வார். நாட்டில் பாதிப் பேருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவளுடைய கணவருக்கும்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். யார் பேச்சும் அவருக்கு ஏறாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேட்காரர் கடிதம் வந்தால் கையில் இருக்கிற தேநீர் ஆறிப்போகும். அந்த ஒருத்தன்தான் மனசில் பட்டதைப் பேசுகிறான் என்பார். அவள் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கட்டின புருஷனிடமே மறைக்கிறோமே என்று அவளுக்கு வலிக்கும். ஆனாலும் வாய் திறக்கமாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது.

“ஐயா, ஏரிக்கரை கேட்டில் காவலாளி நான். நான் உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. என்னிடம் ரேடியோவே இல்லை. வேலை நேரத்தில் ரேடியோ கேட்டதாக வரும் வெள்ளிக்கிழமை என்மேல் விசாரணை. அந்தக் கடிதங்கள் என்னுடையவை இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இந்த வேலை போனால் எனக்கு வேறு கதி இல்லை.”

முதலில் அவள் மனதில் எழுந்தது இரக்கம் இல்லை. யார் வைத்த பொறி இது என்பதுதான். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தபால் முத்திரையை நகத்தால் சுரண்டினாள், கோந்தை முகர்ந்துகூடப் பார்த்தாள். போன மாதம் அறிவிப்பாளர், “அக்கா, இந்தக் கேட்காரருக்கு ரிட்டையர்மென்ட்டே கிடையாதா?” என்று சிரித்தது ஞாபகத்துக்கு வந்தது. அவன் சும்மா சிரிக்கிற ஆள் இல்லை என்று தோன்றியது. போன வாரம் வரைக்கும் அவன் சும்மா சிரிக்கிற ஆளாகத்தான் இருந்தான்.

பிரிவுத் தலைவரிடம் காட்டினாள். அவர் கையில் வாங்காமலே படித்தார்.

“இதை நான் பாக்கலை” என்றார்.

ரயில்வேயில் மூலக் கடிதங்களைக் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிடும்படி யோசனை சொன்னார். ஸ்டீல் பீரோவை அரிக்கிற கரையானை எங்கே போய்ப் பிடிப்பது என்று அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் பஸ் ஏறினாள். அப்படி ஒரு ஆள் நிஜமாக இருக்கிறானா என்று தெரிந்தாக வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவள் இறங்கிய இடத்திலேயே இறங்கியபோது நின்று அவரை முன்னால் போகவிட்டாள். அவர் பாட்டுக்கு ஏரியில் கால் கழுவப் போனார்.

கேட்டில் நின்றவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மீசையே இல்லை. பெரியவர் எங்கே என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“மேலிடத்துல இருந்து வேவு பாக்க வந்தீங்களா?” என்று கேட்டார்.

வானொலியில் கடிதப் பிரிவு என்று சொன்ன பிறகும் நம்பவில்லை. குடிசைக் கதவைத் திறந்துவிட்டு, கொடிகள், விளக்கு, பதிவேடு, தண்ணீர்க் குடம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். இங்கே வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, ரேடியோ இருக்கிறதா, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்குள் மணி அடித்தது. கேட்டை இறக்கிவிட்டுக் கொடியோடு போய் நின்றார். ரயில் வந்து, கடைசிப் பெட்டியும் வளைவில் மறைகிற வரைக்கும் அவர் தலை திரும்பவில்லை. இப்படிப்பட்ட மனிதனைத்தான் பாட்டுக் கேட்டுத் தாளம் போட வைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“யார் எழுதறாங்கன்னு தெரியாமயா படிக்கிறீங்க?” என்று கேட்டார். அவள் திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் இவர் வேலை போகும். ஊர் திரும்புகிற வழி முழுக்க இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை மாலை கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“அவன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேனே. அதையே நீ சொல்லியிருந்தா ஒண்ணைக்கூடக் காதுல வாங்கியிருக்க மாட்டேன்” என்றார். பிறகு, போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதினொரு வருஷத்து நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ரயில்வே விசாரணை அறைக்குப் போனாள். விசாரணை அதிகாரி நோட்டுகளைப் புரட்டினார், அவளைப் பார்த்தார், கேட்காரரைப் பார்த்தார்.

“அரசாங்க ரேடியோ, இல்லாத ஆளை இருக்கார்னு சொல்லுமா? உண்மையைச் சொல்லுங்கம்மா. இவர் உங்களுக்கு என்ன உறவு?”

உண்மைதான் சொல்கிறேன் என்றாள். நோட்டை நேற்றுக்கூட உட்கார்ந்து பிரதி எடுத்திருக்கலாமே என்றார் அவர். ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளி, அப்படியானால் இங்கேயே ஒன்று எழுதுங்கள் பார்க்கலாம் என்றார்.

பத்தே நிமிஷத்தில் எழுதினாள். மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி. கூட்ஸ் வண்டியின் ஐம்பது பெட்டிகளும் போய் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் கோபம் தீர்ந்துபோன கதை. அதிகாரி இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியிருந்தது.

“அப்போ அந்தக் கப்பல் சமையல்காரர்?”

“அவரும் நான்தான் சார்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கேட்காரர் மேல் குற்றமில்லை என்று எழுதுவதற்கு மறுபடி அதைத் திறக்க வேண்டியிருந்தது. வானொலிக்கும் ஒரு கடிதம் போகும் என்றார். அவள் எதிர்பார்த்ததுதான்.

வெளியே பெஞ்சில் கேட்காரர் கைகூப்பினார். ஆனால் நகரவில்லை. இன்னும் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பழைய சந்தேகத்தில் அவளுக்கு மூக்கு வியர்த்தது.

“ஒரு உதவிம்மா. என் வீட்டுக்காரி பக்கத்து வீட்டுல போய் அந்தக் கடிதங்களைக் கேப்பா. நான் எழுதலைன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கூச்சப்பட்டு மறைக்கிறேன்னு நினைச்சுக்கறா. இந்த நாலு வருஷமா என்னை ஒரு மாதிரி மரியாதையா பாக்கறா. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.” கொஞ்சம் தயங்கினார். “இந்த ஞாயித்துக்கிழமை வருமா?”

வரும் என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மனிதன் சொன்னதை அவள் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.

அன்று பிற்பகலே ஆபீஸ் போய் எழுதினாள். ரேடியோ என்ற சொல்லே அதில் வராமல் பார்த்துக்கொண்டாள். ஸ்டுடியோவில் அறிவிப்பாளர் வாங்கிப் படித்துவிட்டு, “இதுதான் கடைசியா அக்கா?” என்று மட்டும் கேட்டான். சிரிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. அவள் சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். அணைந்திருந்தது. இருந்தும் தலையை மட்டும் அசைத்தாள். சனிக்கிழமை மாலை உத்தரவு வந்தது. திங்கட்கிழமை விளக்கக் கடிதத்தோடு வந்து பீரோ சாவியை ஒப்படைக்க வேண்டும்.

ஞாயிறு காலை கணவர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். பன்னிரண்டாவதாக வந்தது கேட்காரர் கடிதம்.

“இதுவரைக்கும் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. இனிமேல் எழுதமாட்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டில் இருப்பவளிடமே சொல்லிக்கொள்வதாக இருக்கிறேன்.”

பாட்டு ஆரம்பித்தது. கணவர் எழுந்து ரேடியோவை அணைத்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லு” என்றார்.