நிழலுக்குச் சீட்டுப் போட்ட ஐப்பசி

எங்கள் குப்பத்து ஆண்களுக்கு எதற்கெடுத்தாலும் சீட்டுப் போட வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஆண்டுதோறும் ஓலை நறுக்குகளைச் சட்டியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அப்படி விழுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். உன் பாட்டுக்குள் இருக்கும் வரை மீன் உனக்கு. எல்லை தாண்டி நீந்திப் போய்விட்டால் அடுத்தவனுக்கு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பொழுதைக் கழிக்கப் போன இடத்திலும் மர நிழலுக்குச் சீட்டுப் போட்ட ஜனம் எங்களைத் தவிர வேறு எங்காவது இருக்குமா, எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு மழை விட்டு அடுத்த மழை பிடிப்பதற்குள் சில நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். அப்போது குப்பமே படகேறி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்திட்டுக்குப் போவோம். அந்த மணல் யாருக்கும் சொந்தமில்லை. கோட்டையில் இருக்கிற வெள்ளைக்காரர்கள், அந்த உலாந்தா தேசத்து டச்சுக்காரர்கள்கூட அதைத் தங்களுடையது என்று சொன்னதில்லை. ஆண்கள் சடுகுடு ஆடுவார்கள், பிள்ளைகள் நண்டு துரத்துவார்கள், புதிதாக வந்திறங்கிய பூநாரைகளைப் பார்த்துக்கொண்டு பெண்கள் அடுப்பு மூட்டுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு வேலையை வேடிக்கையாகச் செய்ய வாய்க்கும்.

அந்த வருஷம் நான் வேடிக்கைக்காகப் போகவில்லை. என் தங்கைக்கு ஒரு வாய் சோறு போடப் போனேன்.

நானும் என் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் வலையின் நுனி ஒரு சாண் தம்பியின் பாட்டுக்குள் போய்விட்டது. தம்பிக்காரன் அதை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டான். "கூடப் பொறந்தவனே என்னைத் திருடன்னுட்டான்" என்று இவர் விளக்கின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார், இனிமேல் அவனோடு பேச்சில்லை என்று. அவனும் விடுவானா, அவனும் ஒரு சத்தியம் செய்தான். இரண்டு சத்தியத்திலும் எங்கள் இருவர் வாயும் சேர்த்துப் பூட்டப்பட்டது. எங்களை யார் கேட்டார்கள்?

அப்புறம் அவள் உண்டானாள். தலைப்பிள்ளை. அம்மா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அவளுக்கு அம்மா வீடு என்றால் அது நான்தான். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் குமட்டுகிற சத்தம் கேட்கும், நான் இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளை பிறப்பதற்குள் என் கையால் ஒரு வேளையாவது அவள் சாப்பிட வேண்டும். பொது மணலில் யார் வேலி, எவர் வேலி என்று நினைத்து, அவளுக்குப் பிடித்த மடவை மீனாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு படகேறினேன்.

என் நினைப்பில் மண் விழுந்தது. அந்தத் திட்டில் நிழல் தருகிற மாதிரி இருப்பது சில பூவரச மரங்கள்தான். படகைவிட்டு இறங்கியதும் யாருக்கு எந்த மரம் என்று பேச்சு வளர்ந்தது. "சீட்டு போடுப்பா" என்று ஒரு குரல் வந்ததுதான் தாமதம், எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. ஓலை கிழித்தார்கள், சட்டி வந்தது, துடுப்பால் மணலில் எல்லை கிழித்தார்கள். எங்களுக்கு மரம் விழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கே, மொட்டை மணல். அது யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா!

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏரியையே சீதனமாகக் கொடுத்தாற்போல நிழலில் கால் நீட்டிப் படுத்து, தூக்கம் வராமலே குறட்டை விட்டார். நாலு முழத்துக்கு அப்பால் என் தங்கை தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வெயிலில் வாடிக்கொண்டிருந்தாள்.

"இந்தாய்யா, வயித்துப்புள்ளக்காரி. அவளயாவது இப்பிடி வந்து குந்தச் சொல்லேன்" என்றேன்.

"பாடுன்னா பாடுதான்" என்றார், கண்ணைத் திறக்காமல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழம்புச் சட்டியை அவர் வயிற்றின் மேலேயே கவிழ்த்திருப்பேன். தங்கைக்கென்று வைத்த குழம்பு, அதனால் விட்டேன்.

உச்சி சாய்ந்ததும் நிழல் கிழக்கே நகர ஆரம்பித்தது. மெல்ல மெல்ல எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. தம்பிக்காரன் பாயை இழுத்து நிழலில் போட்டு, பெண்டாட்டியை உட்காரவைத்தான். வெயில் மூஞ்சியில் அடித்ததும் இவர் விருட்டென்று எழுந்தார். மரம் நம்முடையது, நிழலும் நம்முடையதுதான் என்று மரத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். எல்லை தாண்டின மீன் யாருக்கு என்று அவன் ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டான். அடுத்த அடுப்புக்காரர்கள் குழம்பு தீய்வதையும் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு உலாந்தாக்காரர் வந்து சேர்ந்தார். சிறகி வாத்து சுடுவதற்காகக் கோட்டையிலிருந்து வந்தவர். தோளில் துப்பாக்கி இருந்தது, பறவை ஒன்றும் இல்லை. முகம் வெந்த நண்டாகச் சிவந்திருந்தது. பின்னால் பெரிய தலைப்பாகையோடு, அவர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லுகிற துபாஷி. துரை நேரே வந்து, எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து ரொட்டியைக் கடிக்கத் தொடங்கினார்.

என் வீட்டுக்காரருக்கு வசதியாகப் போயிற்று.

"துபாஷி ஐயா, அதோ குந்திகினு இருக்கானே, அவன்கிட்ட சொல்லுங்க. இது என் மரத்து நெயலு."

துபாஷி திரும்பிப் பார்த்தார். "பக்கத்துலதானே இருக்காரு, நீயே சொல்லேன்."

"சத்தியம் பண்ணிருக்கேன், பேசமாட்டேன்."

துபாஷிக்கு என்ன தோன்றியதோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த நிழல் தம்முடைய மரத்தினுடையது என்கிறார்" என்று தம்பியிடம் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கதோஷம், அதையே துரைக்கு அவர் பாஷையிலும் சொன்னார்.

"மரத்த அவரே கட்டிகினு அழட்டும், நெயலு என் பாட்டுல இருக்குதுன்னு சொல்லுங்க" என்றான் தம்பி.

அதுவும் அப்படியே போயிற்று. இப்படியே ஒரு சாண் வலை, ஊர்க்கூட்டம், திருடன் பட்டம், ஒரு வருஷத்துக் குப்பை முழுவதும் துபாஷி வாய் வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பாவம், அவர் தலைப்பாகை நனைந்துவிட்டது. துரை ரொட்டியை மென்றுகொண்டே ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே மூக்கு, ஒரே காது. அப்புறம் துபாஷியிடம் ஏதோ கேட்டார்.

துபாஷி தயங்கினார். "இவங்க ரெண்டு பேரும் எந்தெந்த தேசத்து ஆளுங்கன்னு துரை கேக்கறாரு."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிளறினான்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு சொல்லுங்க" என்றான், மெதுவாக.

துபாஷி சொன்னார். துரை மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இன்னொன்று கேட்டார்.

"அப்போ நடுவுல துபாஷி எதுக்குன்னு கேக்கறாரு" என்ற துபாஷிக்குத் தன் பிழைப்பே போய்விடுமோ என்று கவலை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பி என் மேல் பாய்ந்தார். "இன்னாடி மரமாட்டம் பாத்துகினு நிக்கிற? புள்ளத்தாச்சி பசியா குந்தினு கீறா, ஒனக்குக் கண்ணு தெரியல? கொயம்ப எட்தாந்து ஊத்து!"

நானாம்! ஒரு வருஷமாக அவளைப் பட்டினி போட்டது நானாம்! வேறொரு நாளாக இருந்தால் அவர் பரம்பரையையே இழுத்துவைத்துப் பேசியிருப்பேன். அன்றைக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லைக்கோட்டை மிதித்தேனா தாண்டினேனா, அதுகூட நினைவில்லை. சோற்றைப் போட்டு, மீனை முள் பார்த்து வைத்து, குழம்பை ஊற்றினேன். அவசரத்தில் பாதி மணலில் கொட்டியது.

தங்கை ஒரு வாய் வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கம்மிக்கா" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, பொலபொலவென்று கண்ணீர் சோற்றில் விழுந்தது.

"இப்ப சரியாப் பூடும், துன்னு" என்றேன்.