எந்த மாடி?

ஊசியம்மாவுக்கு அந்தப் பெயர் தையல் வேலையால் மட்டும் வரவில்லை, வாயாலும்தான் வந்தது. அப்பேர்ப்பட்ட வாயும் ஒரு நாள் அடைத்துப்போனது. ஆஸ்பத்திரி வார்டில் புருஷனின் இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்ததைப் பார்த்த நாள் அது.

அவர் காலமெல்லாம் லிஃப்ட் இயக்கியவர். மறதி நோய் முற்றி, பெண்டாட்டி பெயரே மறந்த பிறகும் தொழில் மறக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் "எந்த மாடி?" என்பார், எழுந்துபோய்ச் சுவரில் பொத்தானைத் தேடித் தடவுவார். பயிற்சிக்கு வந்த நர்சிங் பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை. அதிலும் பூனைக்கண்காரி ஒருத்தி, "மொட்டை மாடி தாத்தா, அங்கேர்ந்து குதிக்கணும்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். கட்டியவளும் அவள்தான். நிம்மதியாகச் சாப்பிட விடவில்லையாம் கிழவர்! வீட்டுக்கு வந்தும், கண்ணை மூடும்வரை, யார் பக்கத்தில் போனாலும் அவர் மணிக்கட்டுகளைச் சேர்த்து நீட்டினார். ஊசியம்மா அழவில்லை. மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பிள்ளைகளின் நர்சிங் கல்லூரிக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பது அவள்தான். அளவு எடுக்கிறவள் முகத்தை யார் பார்க்கிறார்கள்? பூனைக்கண்காரி அவள் எதிரிலேயே, கடைசித் தேர்வு ஒன்று தேறினால் வேலை தயார் என்று தோழியிடம் பீற்றிக்கொண்டாள். அந்தச் செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "மறதி நோயாளின்னா நடிக்கிறேன், வேற எதுவும் வேணாம்" என்று போய் நின்றாள். மணி அடித்ததும் நடிப்பை நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். தலையாட்டினாள்.

தேர்வன்று அந்தப் பெண் தேனாய் ஒழுகினாள்.

"எந்த மாடி?" என்றாள் ஊசியம்மா.

"நீங்க சொல்லுங்கம்மா, நானும் கூடவே வரேன்" என்று மண்டிபோட்டு, முகத்துக்கு நேரே பார்த்து, கையை மெல்லப் பிடித்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்திருக்கிறதே பாவிக்கு! தெரியாமல் செய்திருந்தால்கூடப் போகட்டும் என்று ஊசியம்மா விட்டிருப்பாள். மூலையில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மா சந்தோஷமாக மதிப்பெண் போட்டார்.

மணி அடித்தது. தேர்வாளர் அடுத்தவளைக் கூப்பிடக் கதவுப் பக்கம் போனார். ஊசியம்மா பிடித்த கையை விடவில்லை.

"எந்த மாடி?"

"மணி அடிச்சாச்சு, போதும்."

"எந்த மாடி?"

"காது செவிடா? விடு கையை! உங்களை மாதிரி கிழங்களைக் கட்டிப்போட்டாத்தான் அடங்கும்."

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்து, போட்ட மதிப்பெண்ணை ஒரே கோடாக அடித்தார்.

வராந்தாவில் அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். "என் பொழப்பைக் கெடுத்துட்டீங்களே! நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஊசியம்மா இத்தனை காலம் காத்திருந்தாள். "லிஃப்ட் தாத்தா கையைக் கட்டினியே. அவர் என் புருஷன்டி."

பூனைக்கண்காரி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பொய் இல்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"எந்தத் தாத்தாம்மா? அந்த வார்டுல நாங்க எல்லாருமே கட்டுவோமே..."

ஜெயித்த சந்தோஷமெல்லாம் ஊசியம்மாவுக்குப் பொசுக்கென்று போயிற்று. உள்ளே போய் மறுபடியும் தேர்வு அறைக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அடுத்தவளை அனுப்புங்கம்மா" என்றாள்.