ஒரே நாளில் போட்ட ஐந்து தேதி

ஸ்கேன் சென்டருக்கு வந்த புது ஃபிலிம் பிரின்டர் ஒரு வாரம் பெட்டியிலேயே கிடந்தது. அதைப் பயன்படுத்தும் முன் ஐந்து நாள், தினம் ஒரு சோதனை ஃபிலிம் அடித்து, கருமையை அளந்து, சராசரியை அடிப்படை அளவாக நோட்டில் எழுத வேண்டும். அங்கே படம் எடுக்கும் வரிச்சிக்குடி வினோதாவுக்கு இது தெரியாததா? ஆனால் மறுநாள் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள்.

"இன்னைக்கே அஞ்சையும் அடிச்சு, அஞ்சு தேதி போட்டுடும்மா," என்றார் முதலாளி சிவநாதன்.

புத்தி கெட்டவள், போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். சூடேறாத மெஷினில் ஐந்தும் வெளுப்பாக வந்திருந்தன. மறுநாளிலிருந்து மெஷின் சூடேறி ஃபிலிம் கருத்தது; தினசரிச் சோதனையின் அளவு அந்த அடிப்படைக்கான எல்லையைத் தாண்டியது. உண்மையை எழுதினால் பழைய பொய் வெளுத்துவிடும். அதனால் தினமும் அந்தப் பழைய எண்ணையே எழுதினாள்.

இரண்டாம் மாதம் ஒருவரின் நெஞ்சுப் படம் கரிச்சட்டியாக வந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"மெஷின் கெட்டுப்போச்சு சார், உடனே வாங்க."

"நோட்டுல இருக்குற அளவைப் படிங்க."

படித்தாள். எல்லா நாளும் ஒரே எண்.

"மெஷின் நல்லாத்தானேங்க இருக்கு! நீங்கதான் படம் எடுக்குறதுல கோட்டை விட்டிருக்கீங்க."

போனை வைத்துவிட்டார். வெளியே அடுத்த ஆள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.