மோர்க்குழம்பில் ஒரு கொதி

ஞானமதி தன் புருஷனுக்குச் சோறு போட்டது மொத்தம் பதினோரு மாதம்தான். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டவள் ஒரு வெள்ளைக்காரி. அதை நினைக்கிறபோதெல்லாம் ஞானமதிக்குத் தொண்டையில் மிளகு சிக்கினாற்போல இருக்கும்.

விழுப்புரத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். மாமனார் சுமதிநாத நயினாருக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். மாமியார் இல்லாத வீடு. அதனால் வந்த வாரத்திலேயே அடுப்படி முழுக்க இவள் கைக்கு வந்துவிட்டது. சமணர் வீட்டு அடுப்படி. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் வாசற்படி தாண்டாது. தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் படாது.

முப்பத்தாறாம் வருஷம் அவள் புருஷன் சாந்திராஜ் மின்சாரப் படிப்புப் படிக்கச் சீமைக்குக் கிளம்பினான். போகுமுன் மேல்சித்தாமூர் கோயிலில் நின்று, எந்தத் தேசத்தில் இருந்தாலும் நம் சாப்பாட்டு முறையை விடமாட்டேன் என்று விரதம் ஏற்றுக்கொண்டான். ஞானமதி பருப்புப் பொடியும் மோர்மிளகாயும் வடகமும் தகர டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தாள். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நகர்கிற நேரத்தில் ஜன்னலோரம் போய், "கண்டவ கையால சாப்பிடாதீங்க" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையே அவள் சத்தியமாக எடுத்துக்கொண்டாள்.

ஞானமதிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் நாத்தனார் தர்மதேவிதான் படிப்பாள். பதினாலு வயசு, படிப்பில் கெட்டிக்காரி, அடுப்படியை எட்டியும் பாராதவள். புருஷன் எழுதியதை இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஞானமதிக்கு அதுவும் ஒரு எரிச்சல்.

முதல் மூன்று கடிதங்களில் அவன் பட்டினிப் பாட்டுதான் பாடியிருந்தான். ரொட்டி, பால், உப்பில்லாமல் அவித்த முட்டைக்கோசு. இங்கே எதைக் கேட்டாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். ஞானமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளுக்குள்ளே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நம் கை அருமை இப்போதாவது தெரிகிறதே என்றுதான்.

நாலாம் கடிதம் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது. அவன் வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தான். வீட்டுக்காரி மிசஸ் ஹார்ப்பர், புருஷனை இழந்தவள். இறைச்சி படாத புதுப் பாத்திரம் ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கியிருக்கிறாளாம். குழாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிக்கிறாளாம். குளிர்காலத்தில் அங்கே நாலு மணிக்கெல்லாம் பொழுது போய்விடும், கல்லூரி விடுவதோ ஐந்துக்கு. ஆகையால் அவள் மூன்று மணிக்கே சோற்றைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலில் வந்து நிற்கிறாளாம். "நல்ல மனுஷி" என்று முடித்திருந்தான்.

"அந்தம்மாவுக்கு வயசு என்ன போட்டிருக்குது?" என்று கேட்டாள் ஞானமதி.

"போடல அண்ணி."

"தாலியறுத்தவன்னா கெழவியாத்தான் இருப்பா."

"ஏன், எதிர்வீட்டு வெள்ளையம்மாளும் தாலியறுத்தவதான, இருவத்தாறுதான ஆவுது?" என்று தர்மதேவி காகிதத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஞானமதி ஒரு பிடிவாதம் பிடித்தாள். புருஷன் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவது என்று. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை என்று தர்மதேவி கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்த ஒரு வேளை சரிப்பட்டது. ஆனால் அவன் மூன்று மணிக்குக் கல்லூரி வாசலில் கைகழுவும்போது இங்கே எட்டரை. பொழுது சாய்ந்து எத்தனையோ நாழிகை ஆகியிருக்கும். ஆக, இவளுக்கு இரண்டாம் வேளை என்பதே இல்லாமல் போயிற்று. மாமனார் திட்டிப் பார்த்தார், கேட்கவில்லை. தீபாவளிக்கு விழுப்புரம் போனபோது அவள் தாய், எவள் கையாக இருந்தால் என்னடி, மாப்பிள்ளை வயிறு நிறைந்தால் போதாதா என்றாள். அந்தப் பேச்சுக்காக ஞானமதி மறுநாளே திண்டிவனத்துக்கு ரயில் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஐந்தாம் கடிதம் காத்திருந்தது. மிசஸ் ஹார்ப்பர் நம் சமையலைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், மோர்க்குழம்பு வைக்கும் விதத்தை எழுதி அனுப்பு என்று அவன் கேட்டிருந்தான்.

மோர்க்குழம்பு. கல்யாணமான மூன்றாம் நாள் அவள் வைத்து, அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. இருப்பதிலேயே அது ஒன்றுதான் இன்னும் இவளுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தர்மதேவி பேனாவோடு உட்கார்ந்தாள். ஞானமதி வரிசையாகச் சொன்னாள். துவரம்பருப்பும் பச்சரிசியும் ஊறவைத்து, சீரகமும் மிளகாயும் சேர்த்து அரைத்து, கடைந்த தயிரில் கரைக்க வேண்டும். எல்லாம் ஒழுங்குதான். அடுப்பில் ஏற்றிய பிறகு, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்பதுதான் இதில் உயிர். அந்த இடம் வந்ததும் ஞானமதி தர்மதேவியின் பேனா முனையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பறம் தளதளன்னு கொதிக்கணும். கால்மணி நேரம். எழுதிக்கோ."

சமைத்துப் பழகிய எவளும் இதைக் கேட்டதும் சிரித்திருப்பாள். தர்மதேவி எழுதி, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு விடுமுறை நாளில் மிசஸ் ஹார்ப்பர் நாலு தரம் வைத்துப் பார்த்தாளாம். நாலு தரமும் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாகப் போயிற்றாம். ஐந்தாம் தரம் வைக்கப்போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. குழம்பு ஆகிவிடும் என்று காத்திருந்த அவன் வெறும் வயிற்றோடு படுத்தான். மறுநாள் காலையிலும் பரீட்சை அவசரத்தில் சாப்பிடாமல் ஓடி, பரீட்சை அறையிலேயே மயங்கி விழுந்தான். முட்டையோ இறைச்சிச் சாறோ சாப்பிடு, இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விரதத்தை விடுவதா, படிப்பை விடுவதா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தான். கடைசியில், "தன் கையில் என்ன குற்றம் என்று உன்னைக் கேட்டு எழுதச் சொல்லி மிசஸ் ஹார்ப்பர் அழுகிறாள்" என்று இருந்தது.

அந்தக் கடைசி வரி ஞானமதியின் நெஞ்சில் ஜில்லென்று இறங்கியது. வெள்ளைக்காரி அழுகிறாளாம். அந்தக் குளிர்ச்சி எழுந்து அடுப்படிக்குப் போகிறவரைதான் நின்றது. சோற்றுப் பானையைத் திறந்ததும் வெறும் வயிற்றோடு படுத்தவன் முகம் வந்தது. மூடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பேனாவ எடு. கொதிக்கக் கூடாதுன்னு எழுது. நுரை கட்டினதும் ஜல்தியா எறக்கிடணும்."

தர்மதேவி நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்குக் கால்மணி நேரம்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன். போ, உங்கப்பா கிட்ட சொல்றதுன்னா சொல்லிக்கோ."

தர்மதேவி போகவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. நுரை என்ற சொல்லுக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டு கோடு போட்டாள். குற்றம் அந்தம்மா கையில் இல்லை, என் வாயில் என்பதையும் எழுதச் சொன்னாள் ஞானமதி. பருப்புத் தோசை, எலுமிச்சஞ்சாதம், பச்சைப்பயறு சுண்டல் என்று ஒன்று விடாமல் சொன்னாள். தர்மதேவி கடிதத்தை மடிக்கப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு எழுது. ஆக்கட்டும், வேணான்னு சொல்லல. ஆனா தட்டுல அள்ளி வெக்கக் கூடாது. மேசை மேல வெச்சுட்டு அப்பால போயிடணும். உங்க அண்ணனே போட்டுக்கட்டும்."

"இதக்கூடவா அண்ணி எழுதுவாங்க?"

"எழுது."

மாசி கடைசியில் பதில் வந்தது. குழம்பு திரியவில்லை. உடம்பு தேறிவிட்டது, டாக்டர் பேச்சும் ஓய்ந்தது. அவள் சொன்னபடியே மிசஸ் ஹார்ப்பர் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை அடுப்படியில் போய் நின்றுகொள்கிறாளாம். அந்த இடத்தை மட்டும் ஞானமதி மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அடுப்படிக் கதவு சாத்தியிருக்குமா, தெறந்திருக்குமா?"

"அது எழுதல அண்ணி."

"கேட்டு எழுது" என்றாள் ஞானமதி.